மாஊனுக்கு ஒரு தமிழ்ச் சொல்

6.2.1990, செவ்வாய். ராஜபாளையம்.

காலையில் மலைப்பக்கம் ஒரே மேக மூடாப்பு. பேண்டேஜ் துணி மதுரை லாரியில் ஏத்தியாச்சு. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் (ஸ்ரீவி.) பஸ்.

புது டைரி. விவரம் எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கே மறந்துபோகும். குர்ஆனின் கடைசிப் பாகத்தை ஸ்ரீவி. ஹஜ்ரத் அரபியிலிருந்து சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதித் தருகிறார். பள்ளிவாசலில் இமாமாக இருந்து ஓய்ந்த பெரியவர். அதை வாசிக்கிற மாதிரித் தமிழாக்குவது என் வீட்டுக்காரி மைமூன் (இனி மை.). பெண்கள் ஸ்கூலில் தமிழ் டீச்சர். நோன்புக்குள் சின்னப் புத்தகமாக அடித்துத் தெருப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டும். அவருக்குப் பஸ் ஆகாது, வாந்தி. அவளுக்கு ஸ்கூல். நடுவில் தாள் சுமப்பது நான். அரபி தெரியாது. இலக்கணம் தெரியாது. துணி தெரியும்.

இன்று ஹஜ்ரத் மை. எழுதியதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்கு எழுதுது இந்தப் பிள்ள? புலவருக்கா, சனத்துக்கா? எங்க தெரு கறிக்கடை பாய்க்கு இது வெளங்குமா? திருப்பி எழுதச் சொல்லும் தம்பி."

வீட்டுக்கு வந்ததும் மை.: "ஹஜ்ரத் என்ன சொன்னாக?"

"ரொம்ப நல்லா இருக்காம். செத்த எளிமையா இருந்தா இன்னும் நல்லதாம்."

முகம் மலர்ந்துவிட்டது. அயிரை மீன் குழம்பு. இரண்டு தடவை ஊற்றிக்கொண்டேன்.

9.2, வெள்ளி

செருப்பு தைக்கக் கொடுத்தது. ரேஷன் சீனி இல்லை.

புதுத் தகராறு. மாஊன் என்று ஒரு சொல். ஊர் பார்க்கத் தொழுவான், ஆனால் மாஊனைத் தரமாட்டான், அவனுக்குக் கேடு என்று வருகிறதாம். ஹஜ்ரத்: "ஜகாத்துன்னு போடணும்." வசதியுள்ளவர் வருஷாவருஷம் ஏழைக்குத் தரவேண்டிய பங்கு அது. ஆனால் அவரே ஓரத்தில், சட்டி, வாளி, கோடாரி மாதிரி இரவல் சாமான் என்றும் பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். மை. அதைப் பிடித்துக்கொண்டாள். "புழங்குற சாமான்" என்று போட்டுவிட்டாள்.

"ஜகாத்துன்னா பணக்காரன் மட்டுந்தான் பயப்படுவான். நம்ம தெருப் பொம்பளைக, இது நமக்கில்லைன்னு பக்கத்தப் புரட்டிருவாக. ஹஜ்ரத் வீட்டுல சட்டி இரவல் வாங்குறது அவுக வீட்டம்மா. ஹஜ்ரத்துக்கு எப்படித் தெரியும்? போய்ச் சொல்லுங்க."

போனேன். சொன்னது: "ஜகாத்தே இருக்கட்டும்ங்கிறா, ஹஜ்ரத்." அவருக்குத் திருப்தி. திரும்பி வந்து இவளிடம்: "சாமானே இருக்கட்டும்னாக." இவளுக்கும் திருப்தி.

எவ்வளவு சுலபமாக முடிந்தது. நாடுகளுக்கு நடுவில் தூது போகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு.

11.2, ஞாயிறு

ஸ்ரீவி.யில் கல்யாணம். பிரியாணியில் உப்பு கம்மி. அதெல்லாம் இப்போது முக்கியமில்லை.

பெண்கள் பக்கத்தில் ஹஜ்ரத் வீட்டம்மா மை.யின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானா அந்தப் பிடிவாதக்காரி? எங்க வீட்டவுக ஒன்னத் திட்டாத நாளே கெடையாது. நல்லவேள, ஜகாத்துக்கு எறங்கி வந்துட்டியாமே" என்று கேட்டிருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலி. மை. முன்னால் போய் உட்கார்ந்தாள்.

வீட்டில்: "நல்லா இருக்குன்னாக, நல்லா இருக்குன்னாகன்னு சொன்னீகளே. அதுல ஒண்ணாவது அவுக சொன்னதா?"

சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

"அப்ப இத்தன நாளா யார்கூட நான் பேசிக்கிட்டு இருந்தேன்? துணி யாவாரிகிட்டயா?"

தாளையெல்லாம் கட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

13.2, செவ்வாய்

ரசம். நேற்றும் ரசம்.

பிரஸ்காரர் கேட்டு விட்டிருக்கிறார், மீதித் தாள் எங்கே என்று. மை. சாதாரணமாகச் சொன்னாள்: "நிப்பாட்டச் சொல்லுங்க. வேண்டாத எழுத்த யாரு வாசிக்கப் போறாக?" அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

14.2, புதன்

ஹஜ்ரத்திடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று சந்தேகம்.

"ஏன்யா, நான் அந்தப் பிள்ளைய எதுக்குத் திட்டுதேன்?"

"பிடிக்காமத்தான் ஹஜ்ரத்."

"வேல தெரிஞ்ச பிள்ளையா இருக்கப்போய்த் திட்டுதேன். ஒண்ணுமில்லாத எழுத்துன்னா நல்லாருக்கு, மாஷா அல்லான்னுட்டுப் படுத்துக்கிடுவேன். ஒம்ம யாரு பூசி மெழுகச் சொன்னா? நாளைக்கு நானே வாரேன்."

"பஸ் ஒத்துக்காதே ஹஜ்ரத்."

"ஒத்துக்காட்டி என்ன? எலுமிச்சம்பழம் இருக்கு."

15.2, வியாழன்

வந்துவிட்டார். பழத்தை மூக்கில் வைத்தபடியே இறங்கினார். ஹாலில் நாற்காலி போட்டேன். மை. அடுக்களை வாசலில், திரைக்கு அந்தப் பக்கம். பேசாமலே இருந்துவிடுவாளோ என்று பயம்.

ஸலாம் சொல்லி முடித்ததும் ஹஜ்ரத்: "ஆத்தா, புழங்குற சாமான்னு போட்டது தப்பு."

உள்ளே கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு திரைக்குள்ளிருந்து: "எதுனால தப்பு ஹஜ்ரத்?"

அவ்வளவுதான். மதியத் தொழுகை வரைக்கும் நிற்கவில்லை. டீ ஆறி, மறுபடி போட்டு, அதுவும் ஆறிப்போனது. இரண்டு பேர் குரலும் தெருவுக்குக் கேட்டிருக்கும். நான் ஒரு தடவை, "ஹஜ்ரத் என்ன சொல்ல வர்றாகன்னா" என்று ஆரம்பித்தேன். "நீங்க சும்மா இருங்க," இவள். "நீரு சும்மா இரும்," அவர். அதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை.

நடுவில் பக்கத்து ராஜு வீட்டு சரோஜாக்கா முறுக்கு அச்சு இரவல் கேட்டு வந்தார். மை. பேச்சை விடாமலே எடுத்துக் கொடுத்தாள். ஹஜ்ரத் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இது நல்ல கொணம் ஆத்தா. ஆனா, வியாக்கியானம் இல்ல."

கடைசியில் முடிவு: மேலே புழங்குற சாமான். ஜகாத் என்றும் பொருள் உண்டு என்று கீழே குறிப்பு. ஹஜ்ரத் ஒரு நிபந்தனை போட்டார்: "குறிப்ப எறும்பு எழுத்துல போட்டு மறைக்கக்கூடாது."

அவர் போனதும் பீரோ திறக்கிற சத்தம்.

20.2, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. ஹஜ்ரத்திடம் சொல்ல வேண்டியதை மை. என்னை நிற்கவைத்து ஒப்பிக்கச் சொன்னாள். ஒரு எழுத்து மாறக்கூடாதாம். "மூணாவது வரியில எழுவாயக் காணோம். எங்க போட்டீக? தேடித் தேடிக் கண்ணு நோவுது."

பஸ்ஸில் மறக்காமல் இருக்கச் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் சுந்தரபாண்டியத்துச் சம்சாரி ஒருவர், விவசாயம் பார்க்கிறவர், ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "காணாமப் போனது பசுவா, காளையா?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். விளக்க முடியவில்லை. பசு என்றேன்.

ஹஜ்ரத்திடம் அப்படியே சொன்னேன். தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ளுஹா என்கிற சூராவுக்கு, அதாவது அத்தியாயத்துக்கு, மை. எழுதியது. "உம் இறைவன் உம்மைக் கைவிட்டுவிடவும் இல்லை, வெறுத்துவிடவும் இல்லை" என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"அந்தப் பிள்ளகிட்டச் சொல்லும். இத வாசிச்சேன். ராத்திரி தூக்கம் போச்சு."

"அப்புறம் ஹஜ்ரத்?"

"அம்புட்டுத்தான். கூட ஒரு வார்த்த சேத்தீரு, கால ஒடிச்சிருவேன்."

சாயங்காலம் மை. ஸ்கூல் விட்டு வந்தாள். கையில் சாக்பீஸ் தூள். சொன்னேன். சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"இது திட்டா, பாராட்டா? எனக்கு வெளங்கல," என்றேன்.

"ஒங்களுக்கு வெளங்க வேண்டாம். இன்னொருக்கச் சொல்லுங்க."

சொன்னேன்.

"ஏன் இந்த ஓட்டம்? மெதுவாச் சொல்லுங்க."

மெதுவாகச் சொன்னேன்.