விழாத பாறை

ஐப்பசி, புதன். மழை இப்பதான் விட்டிருக்கு.

காலையில குவாரிக்குள்ள இறங்கினதும் மேல் பாறையில ஒரு விரிசலைப் பாத்தேன். நேத்து இல்ல. கையை உள்ள விடலாம் போல இருந்துச்சு. அதுக்கு நேர் அடியிலதான் இசக்கி பொக்லைனை வச்சுக் கல் அள்ளணும். வேலையை நிப்பாட்டிட்டேன். சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் அந்தப் பாறையையே பாத்துக்கிட்டு நின்னோம். ஒரு சல்லி உதிரலை.

இன்னைக்கு வேலை நின்னதுல இந்த மாசக் கணக்குல லோடு குறைஞ்சுபோச்சு. சூப்பர்வைசர்னு எனக்கு வர்ற ஊக்கத்தொகை போச்சு. எனக்குக் கீழ உள்ளவங்களுக்கும் சேத்துப் போச்சு. "தீவாளி வருதுல்லா அண்ணாச்சி"ன்னான் இசக்கி. அதுக்குப் பிறகு டீ குடிக்கக்கூட என்னைக் கூப்பிடலை.

மேனேஜர் சிரிச்சாரு. "விழுந்துச்சா வே? நாளைக்கு அங்கனயே அள்ளச் சொல்லும். உமக்கு முடியலன்னா வேற ஆளு சொல்லுவான்."

சரி சார்னுட்டேன். வாயில அதுதான் வந்துச்சு.

மறுபடியும் மழை பிடிச்சிட்டு. அந்தப் பாறை இன்னைக்கு ராத்திரியே விழுந்துரணும்னு வேண்டிக்கிட்டுக் கிடக்கேன். இசக்கி உயிருக்காகத்தான் வேண்டுதேன்னு எழுதலாம். ஆனா விடிஞ்சதும் முதல்ல பாக்கணும்னு தோணுதது மேனேஜர் மூஞ்சியைத்தான்.