நெற்றித் தழும்பை அழித்தது நான்

மார்ச் 3, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. காஜா பெராங் வீட்டிலிருந்து போட்டோ கடைக்கு சைக்கிள் மிதிப்பதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

படம் திருத்தும் டச்சிங் மேசையில் பதினோரு நெகட்டிவ். எல்லாம் அடையாளக் கார்டு, குடியுரிமை முகங்கள். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்ததிலிருந்து ஊரில் எல்லோருக்கும் படம் வேண்டியிருக்கிறது. எல்லாம் ஒரே அளவு. காது இரண்டும் தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. சிரித்த முகக்காரர்கள் பாடு திண்டாட்டம்.

வாங்க: 4எச் பென்சில், சீயக்காய், அண்ணன் சட்டைக்குப் பொத்தான்.

சாயங்காலம். லாரியை விட்டு வந்த அண்ணன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அண்ணியும் குழந்தையும் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வர மனு போட்டிருக்கிறோம். பெர்மிட் ஆபீஸில் மனுக்களைப் பார்க்கிற கிராணி கூப்பிட்டு விசாரித்தானாம்.

"ரெண்டு படத்துலயும் வேற வேற பொம்பளைங்கறான் அந்தக் கிராணி. யாரையோ பொண்டாட்டின்னு சொல்லிக் கொண்டாரப் பாக்கறியான்னு கேட்டான். ஒரு வாரத்துல பதில் சொல்லலன்னா மனுவைத் தள்ளிடுவாங்களாம், செல்லம்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், மனுவோடு வைத்த இரண்டு படங்கள்:

படம் ஒன்று: அண்ணி நாகையில் தனியாக எடுத்து அனுப்பியது. இடப் புருவத்துக்கு மேல் தழும்பு, பளிச்சென்று.

படம் இரண்டு: அண்ணனும் அண்ணியும் ஜோடியாக. தழும்பு இல்லை.

இரண்டாவது என் கைவேலை. நாகையில் நடந்த கல்யாணத்துக்குப் போட்டோக்காரர் வரவில்லை. அண்ணன் மட்டும் திரும்பி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. குழந்தை பிறந்ததே பிறகுதான். இன்னும் பார்க்கவில்லை. சுவரில் மாட்ட ஒரு படமாவது இருக்கட்டும் என்று அவர் படத்தையும் அண்ணியின் வேறொரு பழைய படத்தையும் கத்தரித்து அட்டையில் ஒட்டி, விளிம்பை மையால் மூடி, மறுபடி காமிராவில் பிடித்தேன். கடையில் மாதம் நாலைந்து பேர் இப்படிக் கேட்கிறார்கள். மனு எழுதியவர் "கல்யாண அத்தாட்சிக்கு இது போதும்" என்றார். பிரதி போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

தழும்பு? நெகட்டிவில் பென்சிலால் மெல்லத் தீற்றினால் படத்தில் பரு, அம்மை வடு, கண்ணடிக் கருப்பு எல்லாம் போய்விடும். கைப்பழக்கம். அண்ணி பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றும் ஒரு நினைப்பு. என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டால் பரவாயில்லை. அவர்கள் தலையில் அல்லவா போட்டுவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

முதலாளியிடம் சொன்னேன். ராவுத்தர், நல்ல மனுஷர், ஆனால் ஆபீஸ் என்றால் தொடை நடுங்கும்.

"வாயை மூடிக்கிட்டு இரும்மா. நம்ம கடைன்னு தெரிஞ்சா, நாம எடுத்த ஐ.சி. கார்டு படம் அத்தனையும் சந்தேகப்படுவான்."

"அப்ப எங்க அண்ணி?"

"அது ஆண்டவன் விட்ட வழி."

ஆண்டவனா பென்சில் பிடித்தான்? ஜோடிப் பட நெகட்டிவைக் கேட்டேன். கடைச் சொத்து, வெளியே போகக் கூடாது என்றார். அவர் தொழுகைக்குப் போன நேரம் எடுத்து சாப்பாட்டு அடுக்கின் மேல் தட்டில் வைத்தேன். திருட்டு என்றால் திருட்டு. எழுதியும் வைக்கிறேன்.

அண்ணன் வேண்டாம் என்கிறார். "உனக்கும் வேலை போச்சுன்னா?" போகட்டும் என்றேன்.

மார்ச் 5, புதன்

காலையில் மழை. பண்டார் ஹிலிர் பெர்மிட் ஆபீஸில் ஒன்றரை மணி நேரம் பெஞ்சு. கூடவே அண்ணன், சலவைச் சட்டையில்.

கிராணி நம்ம ஆள்தான். தமிழ் பேசுகிறவன். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

"நீ யாரும்மா?"

"இவர் தங்கச்சி. இந்தப் படத்தைச் செஞ்சவ."

நெகட்டிவை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். பென்சில் போட்ட இடம் மினுங்கும். பாருங்கள் என்றேன். பிறகு கைப்பையிலிருந்து டர்பன்டைன், பஞ்சு. அவன் கண் முன்னாலேயே நெற்றியைத் துடைத்தேன். பூதக்கண்ணாடியை நீட்டினேன். தழும்பு, அதே புருவத்துக்கு மேல், அதே நீளம்.

ரொம்ப நேரம் பார்த்தான். ஒத்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் கேட்டது: "அப்படின்னா இது பொய்ப் படம்தானே? பொய்ப் படம் கொடுத்தவன் கல்யாணத்தை எப்படி நம்பறது?"

அண்ணன் எழுந்துவிட்டார். போகலாம் என்று என் கையைப் பிடித்தார். நான் அசையவில்லை. அப்போதுதான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பார்த்தேன். கிராணியின் படம், பாஸ்போர்ட் சைஸ், கோட்டு, டை.

"சார், அந்தக் கோட்டு எங்க கடைக் கோட்டு. உங்களுக்குத் தொளதொளன்னு இருந்துச்சு. முதுகுப் பக்கம் துணி மாட்டுற கிளிப்பு ரெண்டு போட்டுத்தான் எடுத்தோம். கன்னத்துல இருந்த அம்மை வடுவை நான்தான் எடுத்தேன். அதுக்காக நீங்க கிராணி இல்லைன்னு ஆயிடுமா?"

பக்கத்து மேசை மலாய்க்காரர் டைப் அடிப்பதை நிறுத்தினார். தமிழ் புரியாது, ஆனால் கோட்டையும் கிளிப்பையும் நான் நடித்துக் காட்டியது புரிந்துவிட்டது. பலமாகச் சிரித்தார். கிராணிக்கு முகம் கறுத்தது. கெட்டது காரியம் என்று நினைத்தேன். ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

ஒரு தாளைத் தள்ளினான். "என்னென்ன செஞ்சியோ எழுது. எந்தக் கடை, உன் பேரு, விலாசம். கையெழுத்துப் போடு. பெரிய ஆபீசர் முடிவு பண்ணுவார்."

கடைப் பெயர் என்றதும் பேனா நின்றது. பிறகு எழுதினேன். முழுவதும் எழுதினேன்.

மார்ச் 6, வியாழன்

கடையில் நானே சொன்னேன். முதலாளி கத்தவில்லை. "நெகட்டிவைக் கொடுத்துட்டுப் போயிடு" என்றார். ஒன்பது வருஷ வேலை. வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அழுதேன். வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

பக்கத்து வீட்டு பீபி, மலாய் மட்டுமே பேசும் செட்டிக் குடும்பத்து அம்மா, வேலியருகே நின்று கேட்டார், இன்றைக்கு வேலை இல்லையா என்று. இல்லை என்றேன். ஒரு கிண்ணத்தில் மிளகாய்ச் சம்பல் வந்தது. காரம் உச்சிக்கு ஏறியது. நல்லவேளை, கண்ணீருக்கு வேறு காரணம் கிடைத்தது.

மார்ச் 12, புதன்

ஆபீஸிலிருந்து தகவல் இல்லை. அண்ணன் இரண்டு நாளாகச் சரியாகப் பசியாறுவதில்லை. "நீ சும்மா இருந்திருக்கலாம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, உடனே போய் எனக்குக் கோப்பி கலந்து வந்தார். சும்மா இருந்திருந்தால் அண்ணி வேறு ஒருத்தி என்றே ஆகியிருக்கும். என்னால் முடியாது.

மார்ச் 15, சனி

புக்கிட் லிந்தாங் எஸ்டேட்டிலிருந்து ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். கையில் இரண்டு படம். "கடையில கேட்டேன், இனிமே சேர்க்கறதில்லைன்னுட்டாங்க. நீங்க செய்வீங்களாமே?"

செய்வேன், முகத்தில் கை வைக்க மாட்டேன், பின்னால் 'சேர்த்த படம்' என்று எழுதி என் பெயரும் போடுவேன் என்றேன். அவர் மனைவிக்குத் தெற்றுப் பல். யோசித்தார்.

"பல்லு அப்படியேவா?"

"அப்படியே."

"சரி. அதான் அவளுக்கு அழகு." வெட்கப்பட்டார். காமிராவுக்கு எங்கே போவேன் தெரியவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மார்ச் 22, சனி

மழை இல்லை. துணி துவைத்தேன். பன்னிரண்டு மணிக்குத் தபால். அரசாங்க உறை. அண்ணன் பிரிக்கவில்லை, ஈரக் கையோடு இருந்த என்னிடம் நீட்டினார்.

இங்கிலீஷில் ஆறே வரி. மனைவி ஒருவர், மகள் ஒருவர், வர அனுமதி.

"இன்னொரு தடவை படி."

நாலு தடவை படித்தேன். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

கொஞ்சம் கழித்து எழுந்துபோய்ச் சுவரில் இருந்த ஜோடிப் படத்தின் எதிரே நின்றார்.

"இதக் கழட்டிடவா? அவ வந்து பாத்தா சிரிப்பா."

"சிரிக்கட்டுமே. வந்து சிரிக்கட்டும்" என்றேன்.