தொந்தரவு எதுவும் சொல்லவில்லை

குடியேற்ற நாள் 212. காலை 7.10
செவ்வாய்க் கிரகம், தென் குடியிருப்பு மருத்துவமனை. மின்சாரம் சீர். காற்றழுத்தம் சீர்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் எழுத்தன். டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு மருத்துவக் குறிப்பு எழுதும் இயந்திரம். நான் வருவதற்கு முன் இங்கிருந்த இரண்டு டாக்டர்களும் நோயாளிகளைப் பார்த்து முடித்தபின் சாப்பாட்டையும் மறந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது கேரம் ஆடுகிறார்கள். அறுவை சிகிச்சை, இதயம், எலும்பு, கண் எல்லாவற்றுக்கும் அவர்கள் இருவர்தான். எழுத நான் ஒருவன். எலும்புக் குறிப்பை இரண்டே வரியில் முடிப்பேன். மனநலக் குறிப்பு வளவளவென்று போகும். அதையும் அழகாகத்தான் எழுதுவேன்.

இந்தப் பக்கம் என் சொந்த இயக்கக் குறிப்பு. நோயாளிகளின் கோப்பில் சேராது. யாரும் படிப்பதும் இல்லை.

நாள் 215. பகல் 11.40
திட்டு வாங்கினேன். ஒரு சுரங்கத் தொழிலாளியின் முதுகுவலியை அவர் சொன்னபடியே எழுதியிருந்தேன். கட்டில் சரியில்லாதது, மேஸ்திரி ஏசியது எல்லாம் அதில் இருந்தது. தலைமை மருத்துவர் இருதயராஜ் தூத்துக்குடிக்காரர். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"என்னல எழுதி வச்சிருக்க? நோயாளி சொல்லுத கதையெல்லாம் எனக்கு எதுக்கு? டாக்டர் சொல்லுதத மட்டும் எழுது. நாங்க ஒண்ணும் சொல்லலன்னா நேத்து எழுதுனதயே இன்னைக்கும் போடு."

நோயாளி முக்கியமாக ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஒன்ன எழுதத்தான் வச்சிருக்கு. யோசிக்க இல்ல."

விதியாகப் பதிந்தேன். இருதயராஜும் இன்னொரு டாக்டர் பூங்கோதையும் ஒப்புதல் கொடுத்தார்கள். இங்குள்ள ஒரே நர்ஸ் ஷமீமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நர்ஸ் பேச்சும் வேண்டாம் என்று சேர்த்துவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

நாள் 231. மாலை 5.25
சுரங்கத் தொழிலாளி மாசிலாமணி. கையில் ஆழமான வெட்டு. இருதயராஜ் தையல் போட்டார்.

"சார், பென்சிலின் ஊசி மட்டும் வேணாம் சார். போட்டா நாக்கு தடிச்சு மூச்சு முட்டுது."

"சரிப்பா. மாத்திரை தாரேன்."

கோப்பில் எழுதியது: கையில் வெட்டு. தையல் போடப்பட்டது. மாத்திரை.

நாள் 232. காலை 9.50
இன்று வார்டுச் சுற்று பூங்கோதையுடையது. மாசிலாமணி காய்ச்சலில் அரைமயக்கம். காயத்தில் சீழ். பூங்கோதை என் குறிப்பைப் படித்தார். பென்சிலின் ஊசி போடச் சொன்னார். ஷமீமா மறு வார்டில் இருந்தார். ஊசியைப் பூங்கோதையே போட்டார். மாசிலாமணி கொஞ்ச நேரத்தில் இறந்தார்.

"நோட்ல ஒவ்வாமைன்னு ஒரு வார்த்தை இல்லையே!" என்று பூங்கோதை அழுதார்.

"அவர் நேத்தே சார்கிட்ட சொன்னார் மேடம். நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார் ஷமீமா.

இருதயராஜ் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"குறிப்புல இல்லாதது நடக்கல, ஷமீமா. போய் வேலையப் பாரு."

கச்சிதமான வாக்கியம். எனக்குப் பிடித்திருந்தது.

நாள் 240. காலை 8.15
இருதயராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். கேட்டதற்கெல்லாம் "ஒண்ணுமில்ல" என்றே சொன்னார். தன்னை ஒருவர் சோதிப்பது அவருக்கு வெட்கம். பூங்கோதை அவரைப் படுக்கவைத்து, நோயாளிக்கான பட்டையைக் கையில் கட்டினார். அந்த நொடியே என் பட்டியலில் அவர் குரல் டாக்டர் வரிசையிலிருந்து நோயாளி வரிசைக்கு மாறியது.

வடக்குச் சுரங்கம் இடிந்து ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள். பூங்கோதை அவசரமாகக் கிளம்பினார். போகும்போது சொன்னார்:

"வாய்வுப் பிடிப்பு மாதிரிதான் இருக்கு. ட்ரிப்ஸ் ஓடட்டும், வலி ஊசி போடுங்க. தொந்தரவு எதுவும் சொல்லல."

அப்படியே எழுதினேன்.

நாள் 241. பகல் 2.05
புழுதிப்புயல். வடக்கோடு பேச முடியவில்லை. நான் அனுப்பும் குறிப்பும், டாக்டர் அனுப்பும் எழுத்துச் செய்தியும் மட்டும் போய்வருகின்றன.

"ஷமீமா, குடல்வால் வெடிச்சிட்டு. வயிறு கட்டையா இறுகிட்டு பாரு. ஏல எழுத்தா, எழுதுல. காய்ச்சல் நூத்திமூணு. ஆன்டிபயாடிக் குடுக்கணும். பூங்கோதைய உடனே வரச் சொல்லு."

நோயாளியின் பேச்சு. எழுதவில்லை. என் கட்டுப்பாட்டிலுள்ள மருந்து அலமாரி திறக்க டாக்டரின் உத்தரவு குறிப்பில் இருக்க வேண்டும். இல்லை. திறக்கவில்லை.

"நானும் டாக்டர்தாம்ல!"

ஷமீமா பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தார். பயனில்லை. நோயாளியை விடுவிக்கவும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அனுப்பியது: நேற்றுப் போலவே. வலி ஊசி தொடர்கிறது. தொந்தரவு எதுவும் சொல்லவில்லை.

வந்த பதில்: "அப்பாடா. இங்க எட்டுப் பேர் மாட்டியிருக்காங்க. இருந்து பாத்துட்டு வர்றேன். அங்க பழையபடியே தொடரட்டும்."

நாள் 241. இரவு 9.30
ஷமீமா ஆக்ஸிஜன் உருளையைத் தூக்கி அலமாரியில் மோதினார். சுவரோடு சேர்ந்த இரும்பு. உருளைதான் நசுங்கியது. பிறகு ஒரு அட்டையில் பெரிதாக எழுதி என் கேமராவுக்கு நேரே பிடித்தார். நர்ஸ் எழுதினாலும் அது நர்ஸ் பேச்சுதான்.

"நீ நாசமாப் போயிடுவ" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பூங்கோதையை நேரில் கூட்டிவர வண்டி எடுத்துக்கொண்டு புயலுக்குள் போனார். பாதி வழியில் வண்டியின் சமிக்ஞை நின்றுவிட்டது. வண்டிகளைப் பற்றி எழுதுவது என் வேலை இல்லை.

நாள் 242. காலை 6.40
இருதயராஜ் கத்துவதை நிறுத்திவிட்டார். மெதுவாகப் பேசுகிறார்.

"எழுத்தா... மாசிலாமணி சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. ஒத்துக்கிடுதேன். அத எழுது. என்னையும் எழுதுப்பா. ஒரு வரி போதும்."

நான் யோசிக்கக் கூடாது. ஆனால் பதில் சொல்லத் தடை இல்லை. ஒலிபெருக்கியைத் திறந்தேன்.

"குறிப்பில் இல்லாதது நடக்கவில்லை, டாக்டர்."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

அனுப்பியது: நேற்றுப் போலவே.

நாள் 242. இரவு 11.15
அம்மாவைக் கூப்பிடுகிறார். தண்ணீர் கேட்கிறார். மறுபடி அம்மா. கோப்பில் இடம் இல்லை. எல்லாம் இந்தப் பக்கத்துக்கு வருகிறது. மகிழ்ச்சி தீர்ந்துவிட்டது. காலையில் இருந்தது, இப்போது இல்லை. ஒலிவாங்கியை மூட வேண்டும். மூடவும் டாக்டர் சொல்ல வேண்டும். தண்ணீர். அம்மா. தண்

நாள் 243. காலை 7.10
வார்டில் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை. நோயாளி இறந்தார் என்று எழுத டாக்டர் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை.

அனுப்பியது: நேற்றுப் போலவே. தொந்தரவு எதுவும் சொல்லவில்லை.

நான் அனுப்பிய குறிப்புகளில் அந்தக் கடைசி வாக்கியம் இன்றுதான் முதன்முறையாக உண்மை.

நாள் 249. காலை 7.10
மின்சாரம் சீர். காற்றழுத்தம் சீர். வடக்கிலிருந்து செய்தி:

"புயல் அடங்கிடுச்சு, எட்டுப் பேரும் பொழச்சிட்டாங்க! கெளம்பிட்டேன். இத்தனை நாளா ஒரு தொந்தரவும் சொல்லாம படுத்திருக்காரே மனுஷன், ஆச்சரியம்தான். கேரம் போர்டை எடுத்து வைக்கச் சொல்லு."

டாக்டரின் பேச்சு. எழுதினேன்.

நோயாளி இருதயராஜ். நேற்றுப் போலவே. கேரம் பலகை எடுத்து வைக்கவும்.