பெர்மிட் இல்லாமல் வெட்டிய ஈசானிய மூலை

அன்பு மகள் தேவமலருக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் அப்பா, தம்பி பிரவின் மூவரும் நலம், நனைந்துபோன சோபா மட்டும் நலமில்லை. டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று அறிய ஆசை. போனில் கேட்கலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், இந்த விஷயத்தை அவர் காதுபடச் சொல்ல முடியாது, அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். பக்கத்து வீட்டு டோரிஸ் ஆன்டி பேஸ்புக்கில் போட்ட படத்தைப் பார்த்துப் பதறாதே, அது நம் சமையல்கட்டுதான், ஆனால் தண்ணீர் கணுக்கால் அளவுதான் வந்தது.

எல்லாம் அந்த வாஸ்து ஐயாவால் வந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து அவரை நம் ஊர் குருபோங்குக்கு வரவழைத்திருந்தார்கள், நம் தாமான் குடியிருப்பில் வீடு வீடாகத் திசைகாட்டியோடு நடந்தார். டோரிஸ் ஆன்டியின் வீட்டுக்காரர் செபாஸ்டியன் அங்கிள்கூட, "சும்மா பாக்கத்தான்லா, ஃபாதர் காதுக்குப் போகவேணாம்" என்று சொல்லி அவரைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போனார். நம் வீட்டைப் பார்த்ததும் ஐயா தலையில் கை வைத்துவிட்டார், கன்னி மூலை உயர்ந்தும் ஈசானிய மூலை தாழ்ந்தும் இருக்க வேண்டுமாம், இங்கே எல்லாம் தலைகீழாம். ஈசானிய மூலையில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், ஆறு இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் உள்ளே வராமல் நிறுத்துவது நான் செராய்ப்புல் நட்டிருந்த அந்த மண்மேடுதான். பிறகு ஐயா உன் அப்பாவைத் தனியாக அழைத்து ஏதோ ஓதினார், என்னவென்று கேட்டதற்குச் செல்வம் கொட்டும் என்றார் உன் அப்பா, சரி, நாலு நம்பர் லாட்டரி விழும் என்று நம்பிவிட்டார் போல என்று நானும் நினைத்துக்கொண்டேன். செலண்டார் தோட்டத்தில் காலமெல்லாம் கால்வாய் வெட்டியவர், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று மண்ணைப் பார்த்தே சொல்லுகிறவர், அவருக்கா புத்தி இப்படிப் போக வேண்டும் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நம்முடையது வெள்ளம் ஏறும் இடம், மண்ணை வெட்டினாலும் கொட்டினாலும் நகராட்சி மஜ்லிஸில் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று நான்தான் அவரை அனுப்பினேன். ஒரு கவுண்டரில் அடுத்த கவுண்டருக்குப் போகச் சொன்னார்கள், அங்கே மாடிக்குப் போகச் சொன்னார்கள், மாடியில் இருந்தவர் சாப்பிடக் கீழே போயிருந்தார். கடைசியில் இன்ஜினியர் வரைந்த பிளான் வேண்டும், ஆற்று இலாகாவின் சம்மதம் வேண்டும், அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் ஆகும் என்றார்களாம். வீட்டுக்கு வந்து, "என் மண்ண ஒரு மூலையிலேர்ந்து இன்னொரு மூலைக்கு மாத்துறேன், இதுக்கு எதுக்குலா பெர்மிட்?" என்று கத்திவிட்டு மண்வெட்டியை எடுத்தார். தாமானே கைதட்டியது, இங்கே பெர்மிட் எடுத்து யாரும் ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்டியதில்லை. மேடு இருந்த இடம் பள்ளமாகி, வாசல் பக்கம் கன்னி மூலையில் அந்த மண் குன்றாக உட்கார்ந்தது.

அடுத்த வாரமே பெரிய மழை. ஈசானியத்தின் வழியாக எல்லாம் தேடி வரும் என்று ஐயா சொன்னது பொய்யில்லை, சேறு வந்தது, செபாஸ்டியன் அங்கிளின் ஒற்றைச் செருப்பு வந்தது, அடுப்படியில் ஒரு கெளுத்தி மீன் வந்து நின்றது. வந்தவை திரும்பிப் போக வழியில்லை, ஏனென்றால் முன்பக்க லோங்காங் சாக்கடைக்கு ஓடும் பாதையை உன் அப்பாவின் குன்று அடைத்திருந்தது. நம் புண்ணியத்தில் டோரிஸ் ஆன்டி வீட்டுக்குள்ளும் தண்ணீர், அவர் கோபத்தில் எடுத்துப் போட்டதுதான் அந்தப் படம். ஐயாவுக்குப் போன் போட்டால் அவர் சென்னைக்கு விமானம் ஏறிவிட்டாராம்.

நான் எத்தனை தரம் கூப்பிட்டும் வராத மஜ்லிஸ், படத்தைப் பார்த்ததும் மறுநாளே வந்தது. பூட்ஸ் போட்ட ஒரு மலாய்க்காரப் பெண் அதிகாரி, உன் வயதுதான் இருக்கும், பெர்மிட் இல்லாமல் வெட்டியது குற்றம், மாதக் கடைசிக்குள் மேட்டை மறுபடி போட்டாக வேண்டும் என்றது. மறுபடி போடுவதற்குப் பெர்மிட் வேண்டுமா என்று செபாஸ்டியன் அங்கிள் உதவி செய்கிற மாதிரி கேட்டார். வேண்டும் என்றது. சரி, எதற்காகத்தான் வெட்டினீர்கள் என்று உன் அப்பாவைக் கேட்டது. நான் உள்ளே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்லாததை உன் அப்பா அந்தப் பெண்ணிடம் மலாயில் மெதுவாகச் சொன்னார், இந்த மூலை மேடாக இருக்கும்வரை மூத்த பிள்ளை இந்த வீட்டில் தங்காது, கடலுக்கு அந்தப் பக்கமே இருந்துவிடும் என்று ஐயா சொன்னாராம், மகள் போய் நாலு தீபாவளி ஆகிவிட்டதாம். அந்தப் பெண் பாரத்தைப் புரட்டிப் பார்த்தது. பிறகு, பாக்சிக் என்று உறவு சொல்லிக் கூப்பிட்டு, இந்தக் காரணத்தை எழுதப் பாரத்தில் இடமில்லை, தோட்ட வேலை என்று போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது.

கேட்டாயா மலர். தண்ணீர் வரும் என்று தெரிந்தே வெட்டியிருக்கிறார் மனிதர். திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, அவர் தேநீரில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது பிரவினும் செபாஸ்டியன் அங்கிளும் மண்வெட்டியோடு தயாராக நிற்கிறார்கள், உன் அப்பா அந்தப் பள்ளத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு யாரையும் கிட்டே விடுவதில்லை. மேட்டைப் போட்டால் நீ வரமாட்டாயாம். மஜ்லிஸ் பெர்மிட்டைக் கேட்கிறது, அவர் உன்னைக் கேட்கிறார், ஆண்டுக் கடைசி மழை யாரையும் கேட்கப் போவதில்லை. அதனால் லீவு கேட்டுப் பார், கண்ணு. அவரைச் சமாதானப்படுத்த வெறும் வாய்வார்த்தையாக வருகிறேன் என்று சொல்லிவிடாதே, டிக்கெட்டைப் போட்டுவிட்டு நீயாகவே அவருக்குப் போன் செய், நான் எழுதியதாக மூச்சுவிடாதே.

மாரியாத்தா உனக்குக் காவலாக இருப்பாள், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. இரவில் காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. வரும்போது வாசலில் அந்த மண்குன்று இருக்கும், தடுக்கி விழாமல் பார்த்து வா, நீ அதைத் தாண்டி வீட்டுக்குள் வந்த பிறகுதான் ஒரு கூடை மண்ணையாவது எடுப்பேன் என்கிறார் உன் அப்பா.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
ஜெயமணி