பதினேழாம் நம்பர் டப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு சித்தி எழுதுறது.

சாமி புண்ணியத்துல நானும் சித்தப்பாவும் உருப்படியா இருக்கோம். நீ அங்க வேளைக்குச் சாப்புடுறியா, ஈரத் தலையோட வெளிய போறியான்னுதான் எனக்கு எப்பவும் நெனப்பு. நேத்து நீ போன்ல அழுதியே, அதுக்குத்தான் இத மடில வெச்சு எழுதுறேன், எழுத்து கோணலாத்தான் இருக்கும், கூட்டிப் படிச்சுக்கோ. போன்லயே சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்துச்சு, வெளிய வரல. நீ பதினேழாம் நம்பர்னு சொன்னதும் ஏதோ சத்தம் கேட்டுச்சுன்னு கேட்டியே, அது என் கையில இருந்த கரண்டி விழுந்த சத்தம். அந்தப் பதினேழு நான்தான் பாப்பா.

மொதல்ல இருந்து சொல்றேன். நான் ஆயா வேலை பாக்குற காப்பகத்துல புள்ளைங்களுக்கு வாயிலயும் உள்ளங்கையிலயும் கொப்புளம் வந்துச்சுன்னு சொன்னேன்ல. அதுல ஆறு மாசக் கைக்குழந்தை ஒண்ணு, கன்னத்தப் பாத்து நாங்க பூசணின்னு கூப்புடுவோம், காய்ச்சல்ல துவண்டு போய் ஆஸ்பத்திரில சேத்தாங்க. என்ன கிருமின்னு தெரியாம அந்தப் பிஞ்சு முதுகுல ஊசி குத்தித் தண்ணி எடுத்து, ஏழு நாள் மருந்து ஏத்துனாங்க. அதுக்கப்புறம்தான் பெரிய லேப்ல இருந்து பதில் வந்துச்சு, இது வயித்துல தங்குற வைரஸ், அந்த மருந்துக்கெல்லாம் அசையாது, தானாத்தான் எறங்கும்னு. உங்க லேப்ல நீங்க பண்ணிட்டிருக்கற டெஸ்ட்டா இருந்தா அரை நாள்ல தெரிஞ்சிருக்கும்னு நீ சொன்னப்ப, எம் புள்ள செய்யறது சாமி காரியம்னு காப்பகம் பூரா சொல்லித் திரிஞ்சேன். பூசணி இப்ப தேறிருச்சு, நேத்து என் மூக்குக் கண்ணாடியப் புடுங்கி வாயில வெச்சுக்கிச்சு.

அப்புறம் உங்க டெஸ்ட்டச் சரி பாக்கணும்னு எங்க எல்லார்கிட்டயும் சாம்பிள் எடுக்க ஆஸ்பத்திரில இருந்து வந்தாங்க. தொண்டைல நர்சம்மாவே குச்சி விட்டு எடுத்துட்டாங்க, அது பெரிய லேப்புக்கு. உங்களுக்கு வேண்டியத மறுநாள் காலையில வீட்ல இருந்து டப்பால கொண்டாரச் சொன்னாங்க. என்னதுன்னு உனக்கே தெரியும், நான் எழுத மாட்டேன். பேரு கிடையாது, நம்பர்தான், யாருதுன்னு அங்க யாருக்கும் தெரியாதுன்னாங்க. எனக்குத் தெரியுமே! உங்கம்மா போனதுல இருந்து உன்னத் தூக்கி வளத்து, உனக்குக் கழுவிவிட்ட கை இது. அந்தப் புள்ள படிச்சுப் பெரியாளாகி என்னோடதத் தொறந்து பாக்கணுமான்னு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. சித்தப்பா அன்னைக்குத்தான் பத்து நாள் லாரில சுத்திட்டு வீடு வந்தாரு. உங்களுக்குச் சர்க்கரை இருக்கான்னு பாக்கணும்னு பொய் சொல்லி டப்பாவ அவருகிட்ட நீட்டினேன். சர்க்கரைக்கு எதுக்குடி இதுன்னாரு. புது மாதிரி டெஸ்ட்டுன்னேன். ஆம்பளைக்கு என்ன வெக்கம், குடுத்துட்டாரு. எனக்குத்தான் ஒரு தும்மல் கூட இல்லையே, யாரோடதா இருந்தா என்னன்னு நெனச்சேன்.

நேத்து நீ சொல்லிச் சொல்லி அழுத. ஒம்போது பேரு தொண்டைல வைரஸ் இருந்துச்சு, எட்டுப் பேரு டப்பால உங்க டெஸ்ட் சரியாக் காட்டிருச்சு, பதினேழுல மட்டும் ரெண்டு வாட்டி பாத்தும் காட்டலன்னு. கைக்குழந்தையத் தூக்குற ஆளையே தப்ப விடுற டெஸ்ட்ட எந்த ஆஸ்பத்திரிக்கும் குடுக்க முடியாது, மொதல்ல இருந்து பண்ணுங்கன்னு உங்க டாக்டரம்மா நிறுத்திட்டாங்கன்னு. அய்யோ பாப்பா, உன் டெஸ்ட் பொய் சொல்லலடி. உன் சித்திதான் சொன்னா. உன் ரெண்டு வருஷ உழைப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனே. அதோட என் தொண்டைக்குள்ள அது இருந்துருக்கு, நான் பூசணிய முத்தங்குடுத்துக்கிட்டே இருந்துருக்கேன்.

இன்னைக்குக் காலைல சித்தப்பாகிட்ட உண்மையச் சொன்னேன். மனுஷன் ரெண்டு வாரமா சர்க்கரை இல்லாத டீயக் குடிச்சுட்டு ரிசல்ட்டுக்குக் காத்துட்டிருந்தாரு. எந்திரிச்சுப் போய் டம்ளர்ல மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டாரு. அப்புறம் செருப்ப மாட்டிட்டு, கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னாரு. நர்சம்மா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. எல்லாம் முடிஞ்சு, கிருமி தொண்டையவிட்டுப் போயிருந்தாலும் வயித்துல வாரக் கணக்குல இருக்கும், உங்களுக்குக் குச்சி விட்டுப் பதினாறு நாள்தான ஆச்சுன்னு இன்னொரு டப்பா குடுத்தாங்க. இந்த வாட்டி சத்தியமா என்னோடது. மேல பதினேழுன்னு எழுதி, மறுபடின்னும் எழுதி, ஐஸ்ல வெச்சு உங்களுக்கு அனுப்பிட்டாங்க.

இந்தக் கடிதாசிய டாக்டரம்மாகிட்டப் படிச்சுக் காட்டு. வெக்கம் என்னோட போகட்டும். ஆஸ்பத்திரில இருந்து வந்து சாமி படத்துக்கு முன்னாடி உக்காந்தேன். இந்த அம்பத்தி நாலு வயசு வரைக்கும் எல்லாருக்கும் நோவு போகணும்னுதான் வேண்டியிருக்கேன். இன்னைக்குத்தான் மொத வாட்டியா, சாமி, எம் புள்ள டெஸ்ட்டு கண்டுபுடிக்கற வரைக்கும் அந்தக் கிருமி என் வயித்தவிட்டு எங்கயும் போகக் கூடாதுன்னு கேட்டேன்.

சாமி உன்ன நல்லா வெச்சிருக்கட்டும், எடுத்த காரியம் ஜெயிக்கட்டும். நான் இப்ப புள்ளைங்களத் தொடறதில்ல, பாத்திரம் கழுவுற கட்டுல இருக்கேன். நீயும் கைய சோப்புப் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவு, அதுலயும் அந்த டப்பாவத் தொறந்த அப்புறம்.

உன் சித்தி,
பதினேழாம் நம்பர்