நான்கு விரல் இடைவெளி

செப்டம்பர் 16, செவ்வாய். காசெல்.

இன்று காலையும் கார் வலது பின்பக்கம் படுத்துக் கிடந்தது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் நுழைய வேண்டும். ஒன்றுகூட நுழையவில்லை. வண்டியைத் தாங்கும் நல்ல இரும்பு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் காற்றுப் பையை வைக்கலாம் என்று எவனுக்குத் தோன்றியதோ, அவனை நிற்கவைத்துக் கேட்க வேண்டும்.

முதுகில் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு என் மனைவி ஹைக்கேயால் நெடுந்தூரம் உட்கார முடிவது இந்த வண்டியில் மட்டும்தான். ரயிலில் ஒரு மணி நேரத்திலேயே அழுதுவிட்டாள். நான்கு வருடம் பேசாமலிருந்த அவள் அக்கா பிர்கிட், தன் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு அழைத்திருக்கிறாள். அக்டோபர் 11, ஜெர்மனியின் வடகோடியில், ஃப்ளென்ஸ்பர்க்கில். "போகலன்னா வேணும்னே வரலன்னுதான் நெனப்பா" என்கிறாள் ஹைக்கே.

செப்டம்பர் 20, சனி

புதுக் காற்றுப் பை மாட்டியாயிற்று. முழங்கையில் தோல் இல்லை. துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தியலால் தட்டினால், எதிர்வீட்டு பெட்சோல்ட் ஜன்னலைத் திறந்து கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். மணி ஒன்று ஐந்து. மதிய அமைதி நேரம் தொடங்கிவிட்டதாம்; மூன்று மணிவரை யாரும் சத்தம் போடக் கூடாதாம். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், வேறென்ன வேலை?

ஆனால் வண்டி நிமிர்ந்து நிற்கிறது!

செப்டம்பர் 21, ஞாயிறு

படுத்துவிட்டது.

செப்டம்பர் 27, சனி

பையைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் அடித்தேன். ஒரு குமிழிகூட இல்லை. காதை வைத்துக் கேட்கலாமென்றால் தெருவே புல் வெட்டுகிறது. தகரப் பட்டறையில் முப்பது வருடம் அடிவாங்கிய காது வேறு. எங்கேதான் போகிறது இந்தக் காற்று?

"விட்டுடு. நான் பிர்கிட்டுக்கு லெட்டர் எழுதிடறேன்" என்றாள் ஹைக்கே. எழுதாதே என்று கத்திவிட்டேன். அவளிடமா கத்தினேன்? வண்டியிடம். அவளுக்கு அது எப்படித் தெரியும்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை; கருவியைத் தொட்டால் புகார். பைகளில் காற்றேற்றி வண்டியை உயர்த்தி நிறுத்திவிட்டுப் படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெட்சோல்ட் செருப்போடு வந்தார். வந்துவிட்டான்யா!

"ஏங்க, இன்னிக்காவது அத நிறுத்தக் கூடாதா?"

"நான் ஒண்ணுமே செய்யலியே!"

"நீங்க செய்யல. வண்டி சீறுது. என் பால்கனி வரைக்கும் கேக்குது."

எனக்குக் கேட்கவில்லை. அவர் பின்பக்கம் போகவே இல்லை. நேராக முன்சக்கரத்தருகே குனிந்தார். "இங்கதான். முப்பத்தெட்டு வருஷம் பெட்டி பெட்டியா ரயிலோட பிரேக் குழாயில காத்து போகுதான்னு கேட்டவன் நான்."

பின்பக்கம் இறங்குகிறது, ஓட்டை முன்னாலா? — மடையன் நான்! நான்கு பைகளுக்கும் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வுப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. பின்பைக்குப் போகும் குழாய் அதில் செருகும் இடத்திலேயே கீறல் விட்டிருக்கிறது.

பெட்சோல்ட் தெருவின் இருபக்கமும் பார்த்தார். "ஸ்பானர் சத்தம் போடாது. சுத்தியல எடுத்தீங்க, நானே புகார் பண்ணுவேன்."

வண்டியைத் தாங்கிகள் மேல் நிறுத்தி, காற்றை இறக்கி, குழாய் நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டி மறுபடி இறுக்கினேன். சோப்புத் தண்ணீர் அடித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தலையாட்டிவிட்டுப் போனார்.

அக்டோபர் 6, திங்கள்

நான்கு விரல்.

அக்டோபர் 11, சனி. ஃப்ளென்ஸ்பர்க்.

ஐந்து மணி நேரம். இரண்டே முறைதான் இறங்கி நடந்தாள் ஹைக்கே. பிர்கிட் வாசலிலேயே நின்றிருந்தாள். "வர மாட்டேன்னு நெனச்சேன்டி" என்றாள். அப்புறம் இருவரும் அழத் தொடங்கிவிட்டார்கள்.

நான் பின்சக்கரத்தருகே குனிந்து விரல் வைத்துப் பார்த்தேன். உள்ளே கூப்பிடும்வரை அளந்துகொண்டே இருந்தேன்.