அன்று மட்டும் வலிக்கவில்லை

ஐப்பசி, செவ்வாய்

காலையிலிருந்து மழை. தகரக் கூரையில் ஒரே இரைச்சல். இன்றைக்கு யாரும் துக்கம் கேட்க வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மழை விட்டதும் வந்துவிட்டார்கள், செந்தூலிலிருந்து ஒரு கூட்டம்.

வருகிறவள் எல்லாம் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து ஒப்பாரி. அதுதான் முறை. என் வலது கன்னத்தில் ஈ உட்கார்ந்தாலே காதிலிருந்து தாடை வரைக்கும் மின்னல் வெட்டுகிறது. மூன்றாவதாக வந்தவளைத் தள்ளிவிட்டேன். சுவரில் போய் இடித்தாள்.

நாத்தனார் கிள்ளானிலிருந்து வந்து இங்கேயே இருக்கிறாள். அவருடைய அக்கா. எல்லார் முன்னாலும் சொன்னாள்: "என் தம்பி செத்த அன்னிக்கு வாயத் தொறந்து அப்படிக் கத்தினாளே, அப்ப வலிக்கல. இப்ப மட்டும் வலிக்குதாம்."

உண்மைதான். ரயில் யார்டில் இரண்டு வண்டிக்கு நடுவில் அவர் நசுங்கிப்போனார் என்று வந்து சொன்னதிலிருந்து, சுடுகாட்டுக்குத் தூக்கும் வரைக்கும் வலி இல்லை. யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் முகம் கழுவத் தண்ணீர் பட்டதும் திரும்ப வந்துவிட்டது.

புதன்

கஞ்சி மட்டும். இடது பக்கமாக உறிஞ்சினேன். துணி துவைக்கவில்லை. உப்பு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை.

அவர் மேலேயும் கோபம். "பல்லுதான் புள்ள, புடுங்கினா தீந்துடும்" என்பார். பாசார்ச் சந்தையில் பல் பிடுங்குகிற சீனனிடம் மூன்று தடவை. மூன்றும் நல்ல பல். பூச்சி இல்லை, ஓட்டை இல்லை. பிடுங்கியதும் கொஞ்ச நாள் சும்மா இருக்கும், பிறகு பக்கத்துப் பல்லுக்குப் போய்விடும். கடைசித் தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்தான் அழுதார். இப்போது யாரோடு சண்டை போடுவது.

சமையல்கட்டில் நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரியிடம்: "எல்லாம் நடிப்பு. அழுக வரல, அதுக்கு ஒரு சாக்கு." எனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

வியாழன்

விடிந்ததும் முக்காடு போட்டுக் கிளம்பினேன். நாத்தனார் வாசலை மறித்தாள்.

"கருமாதி முடியறதுக்குள்ள புருசன் செத்தவ படி தாண்டுவாளா?"

"தாண்டுவா அண்ணி. நவுருங்க."

ரிக்‌ஷாவில் திரையை இறக்கச் சொன்னேன். காற்று படக்கூடாது.

ஆஸ்பத்திரியில் சிலோன் டாக்டர். வாயைப் பார்த்தார், பஞ்சால் கன்னத்தைத் தொட்டார். கத்திவிட்டேன். "உம்மட பல்லில ஒரு பிழையும் இல்லை" என்றார். முகத்திலிருந்து மூளைக்கு ஒரு நரம்பு போகிறதாம், மூன்று கிளையாக. அது கெட்டுவிட்டதாம். "காத்துப் பட்டாலும் மூளை அதை நெருப்பு எண்டு எடுக்குது."

அப்படியானால் அவர் செத்த அன்றைக்கு ஏன் வலிக்கவில்லை என்று கேட்டேன். நாத்தனார் சொன்னதையும் சொன்னேன்.

"பெரிய அடி விழுந்தா மூளை சில நேரம் நோவைக் கதவுக்கு வெளியில நிப்பாட்டிப்போடும். பிறகு திறந்துவிடும். இது நடிப்பில்லை."

இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன். சொன்னார்.

வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. சாத்தத் தெரிந்த மூளை சாத்தியே வைத்திருக்கக் கூடாதா. என் தலைக்குள்ளேயே இருந்துகொண்டு என்னைச் சித்திரவதை செய்கிறது. அதுவும் நாத்தனார் கட்சிதான் போல.

ஊசியில் ஸ்பிரிட் ஏற்றி அந்த நரம்பைச் சாகடிக்கலாமாம். அரை முகம் விறைத்துப்போகும். வலி பிற்பாடு திரும்பியும் வரலாம். "யோசிச்சுச் சொல்லும்" என்றார். நாளைக்கே போடுங்கள் என்றேன்.

வெள்ளி

ஊசி போட்டாயிற்று. கன்ன எலும்புக்குக் கீழே, நீள ஊசி. இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. டாக்டரையும் திட்டினேன், சீனனையும், அவரையும். பிறகு மரத்தது. தொட்டால் வேறு யாருடைய கன்னமோ மாதிரி.

திரும்பும்போது திரையைத் தூக்கிவிடச் சொன்னேன். எதிர்க்காற்று. ஒன்றுமில்லை.

உதடு ஒரு பக்கம் தொங்குகிறது. நாத்தனார் பார்த்தாள், பேசவில்லை. அது வரைக்கும் லாபம்.

ஞாயிறு

நல்ல வெயில். துணி துவைத்தேன்.

மத்தியானம் காஜாங்கிலிருந்து அவருடைய சித்தி வந்தாள். கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதாள். நான் தள்ளவில்லை. அழவும் இல்லை. வரவில்லை.

"இப்பத்தான் வலிக்கலையே, அழேன்டி" என்றாள் நாத்தனார்.

"அன்னிக்கு அழுதேன் அண்ணி, உங்க தம்பிக்காக. நெசமா அழுதேன். அதைத்தான நீங்க நடிப்புக்குச் சாட்சியா வச்சீங்க. உங்களுக்காக இன்னொரு தடவ அழ முடியாது."

சித்தி அழுகையை நிறுத்திவிட்டாள்.

எழுந்து உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டேன். கருவாட்டுக் குழம்பு இல்லை, துக்க வீட்டில் ஏது. வெறும் ரசம். வலது பக்கமாகவே மென்றேன், எத்தனையோ மாதம் கழித்து. உதட்டோரம் ரத்தம் வழிந்து சோறு சிவந்த பிறகுதான் உள்கன்னத்தைக் கடித்தது தெரிந்தது. துப்பிவிட்டு மறுபடியும் போட்டுத் தின்றேன்.